அம்மாவைத் திரையில் பார்த்துவிட்டேன், இனி என்ன செய்வது?

ஈரோடு பக்கம் ஒரு சிறு நகரத்தில் பிறந்து, இப்போது சென்னையில் வேலை பார்க்கும் 36 வயது வாசகி எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மா தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் நல்ல பெயர். வீட்டுக்குள் கதை வேறு. பத்தாம் வகுப்பில் மகள் 482 மதிப்பெண் எடுத்தபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்துவிட்டு, உள்ளே வந்து, “அந்தப் பதினெட்டு மார்க் எங்க கண்ணு போச்சு?” என்று கேட்டவர். மகளின் பிரசவத்துக்கு வந்து, தான் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை மட்டும் உறவினர்களுக்குப் போன் போட்டுச் சொன்னவர். மருமகளின் அப்பா இறந்த அன்று, தன்னை யாரும் “சாப்பிட்டீங்களா” என்று கேட்கவில்லை எனக் கோபித்துக்கொண்டு துக்க வீட்டிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். எதிர்த்துப் பேசினால் நாள் கணக்கில் பேசமாட்டார். சில சமயம், “கெணத்துல விழுந்துடறேன், நிம்மதியா இருங்க” என்பார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா அந்த நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். தம்பி செல்லப் பிள்ளை. அவன் மனைவி ஒரு வருடமாகப் பிறந்த வீட்டில் இருக்கிறாள்.

இந்த நிலையில் ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் 1978 படமான ‘ஆட்டம் சொனாட்டா’வை (Autumn Sonata) ஒரு திரையிடலில் பார்த்திருக்கிறார் இந்த வாசகி. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சார்லோட் புகழ்பெற்ற பியானோ கலைஞர். ஏழு வருடம் கழித்து, நார்வேயில் பாதிரியாரின் மனைவியாக வாழும் மகள் ஈவாவின் வீட்டுக்கு வருகிறார். கடும் நோயால் பேசவும் நடக்கவும் முடியாமல் போன இன்னொரு மகள் ஹெலனாவை சார்லோட் ஒரு காப்பகத்தில் விட்டிருந்தார். ஈவா அவளைத் தன் வீட்டுக்கே அழைத்து வந்து வைத்திருக்கிறாள். ஒரு நாள் இரவு, அத்தனை வருடக் கசப்பையும் ஈவா தாயின் முகத்துக்கு நேரே கொட்டுகிறாள். அப்புறம் தாய் ரயிலேறிப் போய்விடுகிறார்.

வாசகி எழுதுகிறார்: “அந்த ராத்திரிக் காட்சியில் பேசியது நான்தான். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். என் அம்மா ஒரு நார்சிசிஸ்ட், எப்போதும் தன்னையே மையமாக வைத்துப் பார்ப்பவர், என்று புரிந்தது. தீபாவளிக்குப் போகும்போது எல்லார் முன்னாலும் கேட்டுவிடப் போகிறேன். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் உறவையே முறித்துக்கொள்வேன். அம்மா தன் பெயரில் இருக்கும் வீட்டைத் தம்பிக்கு எழுதிவிடுவதாகச் சொல்கிறார். மகளுக்கு அதில் பாதி உரிமை இல்லையா? பெற்றோரைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் கேஸ் போடலாம் என்கிறார்களே, அது உண்மையா? கோடை விடுமுறை முழுக்க என் ஏழு வயது மகளை அனுப்பச் சொல்கிறார், அனுப்பலாமா? நானும் அம்மா மாதிரி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அந்தப் படம் பார்த்ததிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை.”

அன்புச் சகோதரிக்கு,

உங்களுக்கு நடந்தது உண்மை. அதை உறுதிப்படுத்த எந்தப் படமும், எந்த மருத்துவரும் தேவையில்லை. பிரசவ அறையிலும் துக்க வீட்டிலும் கூடத் தன்னையே நடுவில் வைத்துக்கொள்ளும் ஒருவரோடு வளர்வது களைப்பானது. அதற்கு மேல், ஊரே அவரைப் புகழும்போது அந்தக் களைப்பைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. வெளிநாட்டுப் படம் ஒன்றில் அது அப்படியே தெரிந்ததும் நீங்கள் உடைந்து போனதில் ஆச்சரியம் இல்லை. இசையமைப்பாளர் ஷோபனின் ஒரு சிறு துண்டை ஈவா பியானோவில் வாசித்து முடிக்க, சார்லோட் அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று விளக்கிவிட்டுத் தானே வாசித்துக் காட்டும் இடம் இருக்கிறதே, உங்கள் பதினெட்டு மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. மகள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நானும் அந்தக் காட்சியை எளிதாகக் கடந்தவள் இல்லை.

ஆனால் படம் உங்களுக்குக் கொடுத்த எல்லாவற்றையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

பெயர் சூட்டுவது

நார்சிசம் என்பதைத் தனி ஆளுமைக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1980இல்தான் சேர்த்தது. இன்று அந்தக் கையேட்டில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், இளம் வயதிலிருந்தே இருக்க வேண்டும், வாழ்க்கையின் பல தளங்களில் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய பட்டியலிலோ இந்தப் பெயரே தனியாக இல்லை. ஆளுமைச் சிக்கல் எவ்வளவு கடுமையானது, எந்த வகைக் குணங்கள் தூக்கலாகத் தெரிகின்றன என்றுதான் அது பார்க்கிறது. ஆக, நேரில் பார்த்துப் பேசாமல் உங்கள் அம்மாவுக்கு நான் இந்தப் பெயரைக் கொடுக்க முடியாது. நீங்களும் கொடுக்க வேண்டாம் என்பேன். அம்மாவைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை நீங்கள் உச்சரித்த நிமிடத்திலிருந்து சண்டை அந்தச் சொல்லைப் பற்றியதாகிவிடும். “என்னைப் பைத்தியம்னு சொல்லிட்டா” என்று ஊர் முழுக்கப் பேச்சு கிளம்பும். பிரசவத்தில் நடந்ததும் துக்க வீட்டில் நடந்ததும் காணாமல் போய்விடும்.

இன்னொன்று. கடிதத்தின் நடுவில் ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “ஓய்வு பெற்ற பிறகு ரொம்ப அதிகம்.” இதை நான் இரண்டு முறை படித்தேன். ஒரு விளக்கம் எளிது: தினமும் எழுந்து நின்று வணக்கம் சொன்ன ஐந்நூறு பிள்ளைகள் போய்விட்டார்கள், அந்த மரியாதையை இப்போது மூன்று பேர் மட்டும் தர வேண்டியிருக்கிறது. இன்னொரு விளக்கமும் உண்டு. அறுபதுக்கு மேல் ஒருவரின் சுபாவம் புதிதாக மோசமானால், மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாடு, மறதி நோயின் தொடக்கம் இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும். பெயரை மறக்கிறாரா, பணக் கணக்கில் குழம்புகிறாரா, பழகிய வழி தவறுகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். ‘பொது பரிசோதனை’ என்று சொல்லி அழைத்துப் போகலாம்.

தீபாவளி அன்று கேட்பது

உங்கள் கடிதத்தில் நான் மாறுபடும் முக்கியமான இடம் இதுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் அம்மா ஒரு நாள் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறீர்கள். இந்த நம்பிக்கையைக் கதைகள்தான் நமக்குப் பழக்கியிருக்கின்றன. கதை என்றால் எல்லாக் கசப்பும் ஒரே இரவில், ஒரே அறையில் வெடித்தாக வேண்டும். அப்படி வெடிக்காவிட்டால் நாம் எழுந்து போய்விடுவோம்.

ஆனால் நீங்கள் பார்த்த படத்தில் அந்த இரவுக்குப் பிறகு என்ன நடந்தது? சார்லோட் கலங்கினார், அழுதார், மன்னிப்பு கேட்பது போலவும் பேசினார். விடிந்ததும் போய்விட்டார். பக்கத்து அறையில் ஹெலனா படுக்கையிலிருந்து விழுந்து, தவழ்ந்து, அம்மாவைக் கூப்பிட்டது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் ஈவாதான் உட்கார்ந்து வருத்தம் தெரிவித்துத் தாய்க்குக் கடிதம் எழுதுகிறாள். இத்தனை வருடக் கசப்பைக் கொட்டிய மகள், திரும்பவும் தாயின் வாசலில்தான் நிற்கிறாள். இந்தப் பாதியைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்த இரவோடு உங்கள் மனம் படத்தை நிறுத்திவிட்டது போலிருக்கிறது.

சார்லோட்டாக நடித்த இங்க்ரிட் பெர்க்மன், இந்தத் தாய் அளவுக்கு மீறிக் கொடுமையாக எழுதப்பட்டிருக்கிறாள் என்று இயக்குநரோடு வாதாடினார். தன் சொந்த வாழ்க்கையில் சிறு மகளை விட்டுப் பிரிந்து, அதற்காக ஊர் முழுக்கத் திட்டு வாங்கியவர் அவர். அந்த வாதம் நடிப்பில் எங்கோ தங்கிவிட்டது என்பது என் எண்ணம். சார்லோட்டை முழுசாக வெறுக்க முடியாததற்கு அதுதான் காரணம். தன் பெற்றோர் தன்னைத் தொட்டதாகவே நினைவில்லை, அடிக்கக்கூடத் தொட்டதில்லை என்று சார்லோட் சொல்லும் இடத்தை மறுபடி பாருங்கள். உங்கள் அம்மாவின் அம்மா எப்படி இருந்தார்? கடிதத்தில் பாட்டி வரவே இல்லை. பாட்டியைத் தெரிந்துகொண்டால் அம்மா செய்தது சரியாகிவிடாது. ஆனால் ‘எனக்கு ஏன் தரவில்லை’ என்ற கேள்விக்கு, ‘அவரிடம் இல்லை’ என்பதும் ஒரு பதிலாக இருக்கலாம் அல்லவா?

சரி, பேசவே கூடாதா என்றால், பேசலாம். எல்லார் முன்னாலும் வேண்டாம். கூட்டம் கூடினால் அது உங்கள் அம்மாவுக்கு மேடை. நாற்பது வருடம் மேடையில் நின்றவர் அவர், நீங்கள் தோற்பீர்கள். தனியாக, ஒரே ஒரு விஷயத்தை, இனிமேல் நடக்க வேண்டியதைப் பற்றிச் சொல்லுங்கள். “நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க” என்று கேட்டால் அவரிடம் நூறு பதில் இருக்கும். “பாப்பா முன்னாடி மார்க் பத்திப் பேசாதீங்கம்மா, பேசினா நான் அவளைக் கூட்டிட்டு வெளியே போயிடுவேன்” என்பதற்குப் பதில் சொல்வது கடினம். சொன்னபடி எழுந்து போகவும் வேண்டும். போன் பேச்சு திரும்பினால், “இதைப் பத்தி இப்ப பேசலம்மா, நாளைக்குக் கூப்பிடறேன்” என்று வைத்துவிட்டு, மறுநாள் கட்டாயம் கூப்பிடுங்கள். முதல் சில மாதம் அவருடைய கோபம் கூடும். தாங்கிக்கொள்ளுங்கள்.

கிணற்றுப் பேச்சை மட்டும் நாடகம் என்று ஒதுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நிஜமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. உடனே அப்பாவுக்கோ தம்பிக்கோ போன் போட்டு அம்மாவோடு இருக்கச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 108. மற்ற நேரத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416, நாள் முழுக்கக் கிடைக்கும், தமிழில் பேசலாம். தூக்கம் கெட்டிருக்கும் உங்களுக்கும் அதே எண்தான். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் திரும்பாவிட்டால் நேரில் ஒருவரைப் பாருங்கள்.

அப்பாவும் தம்பியும்

படத்தில் ஈவாவின் கணவர் விக்டரைக் கவனித்தீர்களா? முதல் காட்சியிலேயே, மனைவியைத் தூரத்திலிருந்து பார்த்தபடி, அவளை எவ்வளவு நேசிக்கிறார் என்று நம்மிடம் சொல்கிறார். அவள் நம்பும்படி அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை என்கிறார். நல்ல மனிதர். உங்கள் அப்பாவும் நல்ல மனிதர் என்றே எழுதியிருக்கிறீர்கள். “பாவம், அப்பா என்ன செய்வார்” என்று மூன்று இடத்தில் வருகிறது.

கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். உங்களுக்குப் பத்து வயது, அவருக்கு நாற்பது. சத்தம் தொடங்கியதும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய பெரியவர், அறைக்குள் இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் போனார். இப்படிப்பட்ட வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: கோபம் முழுவதும் தாயின் கணக்கிலும் பரிதாபம் முழுவதும் தந்தையின் கணக்கிலும் எழுதப்படுகிறது. கதை எழுதுகிறவர்களும் இதில் விதிவிலக்கு இல்லை. கொடுமைக்காரத் தாய்க்குப் பக்கம் பக்கமாக வசனம் கொடுப்பார்கள், ஒதுங்கிப் போன தகப்பனுக்கு ஒரு நாற்காலியும் செய்தித்தாளும். அப்பா மீது கோபப்படுங்கள் என்று சொல்ல வரவில்லை. அவர் மீதும் உங்களுக்கு ஒரு வருத்தம் இருந்தால் அதை அம்மாவின் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பாரம் கூடிவிடும்.

தம்பி விஷயத்தில் நீங்கள் கொஞ்சம் கடுமையாக இருப்பதாகவே படுகிறது. “எல்லாச் சுகமும் அவனுக்கு” என்கிறீர்கள். 33 வயதில் மனைவி ஒரு வருடமாகப் பிறந்த வீட்டில், குழந்தையை மாதம் ஒரு முறை பார்க்கிறான், அம்மா கூப்பிட்டால் கடையைப் பூட்டிவிட்டு ஓடுகிறான். இதிலெல்லாம் எங்கே சுகம்? செல்லப் பிள்ளைக்கு வெளியே வரும் வழி உங்களைவிடக் குறுகல். உங்களுக்காவது கோபம் இருந்தது, படிப்பைச் சாக்காக வைத்துக் கிளம்பினீர்கள். அவனோடு அம்மாவைப் பற்றிப் பேசாத ஒரு உறவைத் தொடங்குங்கள். நாத்தனாராக அவன் மனைவிக்கு ஒரு போன் போட்டு, அவள் அப்பா இறந்த அன்று நடந்தது தப்பு என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தை இந்தக் குடும்பத்தில் இதுவரை யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

உறவை முறிப்பது

சிலருக்கு அது ஒன்றே வழி. அடி, உதை, பாலியல் கொடுமை, பணப் பறிப்பு என்று போன வீடுகளில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அந்த அளவு ஆபத்து தெரியவில்லை. தவிர, விலகினால் முடிந்துவிடும் என்பதும் ஒரு அனுமானம்தான். அமெரிக்க நாடகாசிரியர் டென்னஸி வில்லியம்ஸின் ‘தி கிளாஸ் மெனாஜரி’ நாடகத்தில், நச்சரிக்கும் தாய் அமாண்டாவிடமிருந்து மகன் டாம் ஓடிப் போகிறான். பல ஊர் சுற்றிய பிறகும், விட்டுவந்த கால் ஊனமுற்ற அக்கா லாராவின் நினைவு அவனை விடவில்லை. அமாண்டாவும் வெறும் கொடுமைக்காரி இல்லை. கணவன் விட்டுப் போன பிறகு தனியாகப் பிள்ளைகளை வளர்த்தவள், மகளின் எதிர்காலத்துக்காகப் போனில் பத்திரிகைச் சந்தா பிடித்தவள். உங்கள் வீட்டில் லாரா யார்? அப்பாவா, தம்பியின் குழந்தையா? முறிப்பதற்கு முன் அதை யோசியுங்கள்.

நம் ஊர்க் கதையில் தாயை மறுத்த பிள்ளையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பரதனை மறந்துவிட்டீர்கள். கைகேயி வாங்கிக் கொடுத்த அரசை அவன் தொடவில்லை. கம்பன் பாடலில், குகனிடம் அவளை அறிமுகம் செய்யும் இடத்தில் அவன் பேச்சு எவ்வளவு கடுமை! ஆனால் அதே பயணத்தில் அவளும் கூடத்தான் வருகிறாள். தருவதை மறுக்கலாம், செய்ததைத் தப்பு என்று சொல்லலாம், அதற்குப் பிறகும் ஒரே கூட்டத்தில் நடக்கலாம். தீபாவளிக்கு ஐந்து நாளுக்குப் பதில் இரண்டு நாள் போங்கள். முடிந்தால் பக்கத்தில் தனியாக அறை எடுத்துத் தங்குங்கள். உங்கள் சம்பளம், கணவரோடு நடக்கும் சண்டை, மகளின் பள்ளி இவையெல்லாம் இனி அம்மாவிடம் போகும் செய்திகள் அல்ல. இதிலும் மூச்சு முட்டினால், ஆறு மாதம் போன் மட்டும். முறிப்பது எப்போதும் கையில் இருக்கிறது, அவசரம் இல்லை.

வீடு, பணம்

வீடு அம்மா தன் சம்பளத்தில், தன் பெயரில் கட்டியது என்கிறீர்கள். அப்படியானால் அது அவருடைய முழுச் சொத்து. உயிலாகவோ தானமாகவோ யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், மகளுக்குப் பாதி என்று கேட்க முடியாது. உயில் எழுதாமல் இறந்தால் மட்டும், இந்து வாரிசுச் சட்டப்படி கணவரும் பிள்ளைகளும் சமமாகப் பெறுவார்கள். தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுக்க 2005லும் வந்த மகள்களுக்கான சம உரிமைத் திருத்தங்கள் பூர்வீகச் சொத்துக்கானவை. மனை தாத்தா வழியில் வந்ததா என்று பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் பற்றி: பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி, தன் வருமானத்திலோ சொத்திலோ வாழ முடியாத பெற்றோர், மகன் மகள் இருவரிடமும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். கோட்டாட்சியர் விசாரிப்பார், உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவருக்கு அது எளிதில் கிடைக்காது. நீங்கள் மாதாமாதம் அனுப்பும் 15,000 ரூபாய் சட்டத்துக்குப் பயந்து அனுப்புவது என்றால் பயத்தை விட்டுவிடலாம். பாசத்தில் என்றால், பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டை நீங்களே நேரடியாகக் கட்டுங்கள். அது உதவியாகவும் இருக்கும், நன்றி வரவில்லையே என்ற ஏக்கமும் குறையும்.

மகள்

விடுமுறை முழுக்கத் தனியாக அனுப்ப வேண்டாம். “உங்கம்மாவுக்கு என் மேல பாசமே இல்ல” என்று ஏழு வயதுக் குழந்தையிடம் பாட்டி சொல்லியிருக்கிறார். இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் பாசத்தை நிறுத்துப் பார்க்கும் வேலையை அந்தக் குழந்தைக்குத் தரக்கூடாது. நீங்களும் கூட இருக்கும் மூன்று நான்கு நாள் போதும். பாட்டியைப் பற்றி அவளிடம் குறை சொல்லவும் வேண்டாம். அவள் கேட்டால், “பாட்டிக்குச் சில சமயம் கோபம் வரும், அது உன்னால இல்ல” என்பது போதும்.

நீங்களும் அம்மா மாதிரி ஆவீர்களா? சுபாவத்தில் கொஞ்சம் வந்திருக்கலாம், பழக்கத்தில் நிறையவே வந்திருக்கும். கணக்குத் தேர்வுத் தாளைப் பார்த்து மகளைக் கத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். அன்று இரவு அவளிடம் மன்னிப்பு கேட்டீர்களா என்று எழுதவில்லை. கேட்காவிட்டால் இன்று கேளுங்கள், “நான் கத்தினது தப்பு” என்று, காரணம் எதுவும் சேர்க்காமல். “ஆனா நீயும்…” என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தீபாவளிக்கு முன்பாக ஒரு வேலை. அப்பாவை மட்டும் நான்கு நாள் சென்னைக்கு வந்து தங்கச் சொல்லுங்கள். அம்மாவைப் பற்றிப் புகார் பேச அல்ல. பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவிடட்டும், உங்களோடு உட்கார்ந்து காபி குடிக்கட்டும். அம்மாவின் மறதி, பரிசோதனை பற்றி அப்போது கேட்டுக்கொள்ளலாம். “உங்கம்மா விடமாட்டா” என்று சொல்வார். “நீங்க கேட்டுப் பாருங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள், அவருக்காக நீங்கள் போய் அம்மாவிடம் கேட்க வேண்டாம்.